கடலுக்கும் ஒரு மழைமானி

ஜமுனாமரத்தூரில் நேற்று எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று கேட்டால் இன்று பகலுக்குள் பதில் கிடைத்துவிடும். காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுகிறார்கள். மாவட்டப் பட்டியலில் செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு என்று வரும் ஊர்களோடு எங்கள் மலையூரும் ஒரு வரியில் நிற்கும். ஒரு சொட்டும் விழாத நாளில்கூட அந்த வரியை விட்டுவிட முடியாது, சுழியம் போட்டாக வேண்டும். சுழியம் போட்டவரைக் கூப்பிட்டு, ‘இதிலிருந்து புதிதாக என்ன கண்டுபிடித்தாய்? மூன்று வருடத்தில் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினாய்?’ என்று யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் தொடங்கியது. அன்றிலிருந்து மழையை அளப்பது அரசின் அன்றாட வேலைகளில் ஒன்று.

அதே மழைத்தண்ணீர் மலையை விட்டிறங்கிக் கடலில் சேர்ந்த பிறகு, அதன் பின்னாலேயே போய் அளக்கிறவர்களிடம் மட்டும் அந்தக் கேள்வி தவறாமல் கேட்கப்படுகிறது. கேட்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

நான் ஜவ்வாது மலைக்காரி. வீட்டில் சாமை விதைப்பார்கள். படித்தது பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில். அதன் பிறகு சில காலம் கரையோர ஆய்வுக் கப்பல்களில் ஒப்பந்த வேலை. விடுமுறைக்கு மலைக்கு வந்தால் அம்மா கேட்பாள்: “ஏம்மா, ஆத்துத் தண்ணிய அளந்தாலும் கொல்லைக்கு ஆகும். கடல் தண்ணிய அளந்து யாருக்கு ஊத்தப் போறீங்க?”

அம்மாவுக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். நம் மலைப் பாறை மழையில் கரைகிறது. கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் இல்லை, ஆனால் நிற்காமல் கரைகிறது. பாறை மண்ணாகும்போது அதிலுள்ள சிலிக்காவில் ஒரு பங்கு தண்ணீரோடு இறங்குகிறது. குப்பநத்தம் அணையைத் தாண்டிச் செய்யாறு, திருமுக்கூடலில் பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர்ப் பக்கம் கடல். அங்கே இந்தச் சிலிக்கா டயாட்டம் என்னும் நுண்பாசிக்குப் போய்ச் சேர்கிறது. ஒற்றைச் செல் உயிர். வெறும் கண்ணுக்குத் தெரியாது. தன்னைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும், அந்தக் கண்ணாடிக்குத்தான் சிலிக்கா வேண்டும். கிடைக்காவிட்டால் அது பெருகாது. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி கடலில் நடக்கிறது, அதில் கணிசமான பங்கு இந்த டயாட்டங்களுடையது. மத்தி மீன் இவற்றை வடித்துத் தின்று வளர்கிறது. “அப்போ நம்ம கல்லத்தான் மீனு திங்குதுன்னு சொல்லு” என்றாள் அம்மா. ஏறக்குறைய அப்படித்தான்.

இந்த வழியில் ஒரு இடம் மாறினால் கடைசியில் எல்லாமே மாறும். டான்யூப் ஆற்றில் ‘இரும்பு வாயில்’ அணை 1970-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட பிறகு கருங்கடலுக்குப் போகும் சிலிக்கா குறைந்தது. வயல்களின் உரம் மட்டும் குறையாமல் போய்ச் சேர்ந்தது. டயாட்டங்கள் பின்வாங்க, சிலிக்கா தேவைப்படாத வேறு பாசிகள் பெருகியதை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். அணை கட்டப்படுவதற்கு முன்பே அங்கே அளந்து வைத்திருந்ததால்தான் அப்படி ஒப்பிட முடிந்தது. நம் பாலாற்றில் வழியெங்கும் ஏரிகள், தடுப்பணைகள், மணல் அள்ளிய பள்ளங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பட்டறைகளின் கழிவும் நகரங்களின் சாக்கடையும் வயல்களின் உரமும் அதே ஆற்றில். முகத்துவாரத்துக்கு வெளியே எந்தப் பாசி ஜெயிக்கிறது என்பது நிச்சயமாகக் கேட்க வேண்டிய கேள்வி.

அதைக் கப்பலில் எப்படி அளக்கிறோம் என்று கொஞ்சம் சொல்கிறேன். முகத்துவாரத்துக்கு நேர் எதிரே கடலுக்குள் ஒரு கோடு. பத்து மீட்டர் ஆழம், இருபது, முப்பது, ஐம்பது என்று அந்தக் கோட்டின் மேல் இடங்கள் குறித்திருப்போம். கப்பல்காரர்கள் அதை ஸ்டேஷன் என்பார்கள். ஸ்டேஷன் வந்ததும் மேலிருந்து குரல் வரும், எஞ்சின் அடங்கும், வின்ச் ஓடத் தொடங்கும். சி.டி.டி. என்கிற கருவி கம்பியில் இறங்கி, உப்பையும் வெப்பத்தையும் ஆழத்தையும் வழியெல்லாம் பதிந்துகொண்டே போகும். அதைச் சுற்றி வட்டமாக நிஸ்கின் பாட்டில்கள். இரண்டு பக்கமும் வாய் திறந்தபடி இறங்கி, ஏறி வரும்போது நாம் சொன்ன ஆழத்தில் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். தளத்துக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரும் குழாயும் கேனுமாக ஓடுவோம். ஆக்ஸிஜனுக்குப் பிடிப்பவர்தான் முதலில் பிடிக்க வேண்டும், காற்று பட்டால் கணக்கு கெட்டுவிடும். இந்த வரிசைக்காக அங்கே நடக்கும் தகராறு தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது நடப்பதற்குக் குறைந்ததில்லை.

என் வேலை அதற்குப் பிறகு. பாட்டில் தண்ணீரைக் கண்ணாடி இழைத் தாளில் வடிகட்டினால் தாளில் லேசாகப் பச்சை படியும். அதை அசிட்டோனில் ஊறப்போட்டு, இருட்டில், குளிரில் ஒரு நாள் வைத்துப் பச்சையத்தின் அளவை எடுப்போம். இன்னொரு பாட்டிலில் லூகால் அயோடின் சில சொட்டு விட்டு மூடிவிடுவோம். கரைக்கு வந்து நுண்ணோக்கியில் வைத்து, டயாட்டம் வகைகளில் ஸ்கெலட்டோனீமா எத்தனை, கீட்டோசெரோஸ் எத்தனை, தலசியோசிரா எத்தனை என்று எண்ண வேண்டும். முதுகு ஒடியும் வேலை. கம்ப்யூட்டர் எண்ணட்டுமே என்பார்கள். எண்ணட்டும். எண்ணுவதற்குத் தண்ணீரை யாராவது கொண்டுவந்தாக வேண்டும்.

நீரோட்டத்தை அளக்கும் கருவி கப்பலின் அடிவயிற்றில் பொருத்தியிருக்கும். அது கீழ்நோக்கி ஒலித் துடிப்புகளை அனுப்பும். சுத்தமான தண்ணீரிலிருந்து எதிரொலி வராது. தண்ணீரில் மிதந்து போகிற நுண்ணுயிர்களிலும் துகள்களிலும் பட்டுத்தான் ஒலி திரும்புகிறது. திரும்பும் ஒலியின் சுருதி மாறியிருப்பதை வைத்து அவை எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகின்றன என்று கணிக்கிறோம். கடலின் ஓட்டத்தை நமக்குச் சொல்வதே அதில் மிதக்கிற உயிர்கள்தான். பொழுது சாய்ந்ததும் மிதவை விலங்குகள் மேய்வதற்கு மேலே ஏறி வருவதும், விடியும்போது கீழே இறங்குவதும் அதே திரையில் பட்டையாகத் தெரியும். இரவுக் காவலில் இருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே தூக்கத்தை ஓட்டியிருக்கிறேன்.

நம் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் வருடத்துக்குள்ளேயே திசை மாறுகிறது. மாசி, பங்குனியில் வடக்கே ஓடும், சில நாட்களில் வினாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பி, கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்காளத்தில் கொட்டிய நன்னீரை நம் கரைவரை இழுத்து வரும். கடலூர்ச் சின்னக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “வடக்கேருந்து தண்ணி கெட்டியா வந்துச்சுன்னா வலை நிக்காதும்மா. போட்ட எடத்துல தேடுனா கெடைக்காது, தெக்கே போய்த்தான் எடுக்கணும்.” கருவி சொன்னதும் அதையேதான். வலை போட்டு எடுத்த கணக்கு அவருடையது.

‘எல்லாவற்றையும்தான் செயற்கைக்கோள் பார்க்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கிறது. 2022 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஓஷன்சாட் வரிசைக் கோள் கடலின் நிறத்தை வைத்துப் பச்சையத்தைக் கணிக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அத்தகைய படங்களைக் கொண்டு மீன் கிடைக்கக்கூடிய இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் ஆற்று முகத்துவாரத்தில் சேறும் மக்கிய இலைச்சாறும் கலந்த தண்ணீரில் எது பாசியின் பச்சை, எது மண்ணின் பழுப்பு என்று பிரிக்க வானத்துக் கண் திணறும். மேல்தோலுக்குக் கீழே அதற்குத் தெரியாது. எந்த வகைப் பாசி என்பதையும் பெரும்பாலும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழையிலோ வானமே மூடிக்கிடக்கும். கல்பாக்கத்திலும் கடலூரிலும் கரையில் நிறுவப்பட்ட ரேடார்கள் மேல்மட்ட நீரோட்டத்தைப் படம் பிடிக்கின்றன. அவை ஓட்டத்தைச் சொல்லும், ஓடுகிற தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

ஆக, ஆறும் கடலும் அதிகம் பேசிக்கொள்ளும் மாதங்கள்தான் நாம் குறைவாகக் கேட்கும் மாதங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் திறந்த தண்ணீர் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. எங்கள் மலையின் தெற்குச் சரிவில் பெய்ததும் அதில் சேர்த்தி. மழையின் மில்லிமீட்டரும் அணையின் கன அடியும் மணிக்கு மணி செய்தியில் வந்தன. கடலூர் முகத்துவாரத்தோடு எண்கள் நின்றுவிட்டன. அதற்கு அப்பால் அந்தச் செம்மண் தண்ணீர் கரையை ஒட்டித் தெற்கே போய் எத்தனை நாள் கலையாமல் கிடந்தது, அதில் என்ன முளைத்தது, எதைத் தின்று எது பெருத்தது என்பதெல்லாம் மழைக்கணக்கு போல மக்களுக்கு வந்து சேரும் செய்தியாக இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். 1976-ல் வந்த கவேஷணி தொடங்கி, சாகர் கன்யா, சாகர் சம்பதா, சாகர் நிதி, கரையோரத்துக்கென்றே சாகர் தாரா, சாகர் அன்வேஷிகா வரை நமக்குக் கப்பல்கள் வந்திருக்கின்றன. கரையோரக் கடல் நீரின் தரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசின் திட்டம் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஏதோ ஒரு பெயரில் நடந்துவருகிறது. கடலூருக்கு எதிரே ஆழமான பகுதியில் நீரோட்டமானிகளை நங்கூரமிட்டு வைத்து கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறது. கல்பாக்கத்துக் கடல் நன்றாக ஆராயப்பட்ட இடம், ஏனென்றால் அணுமின் நிலையத்துக்குக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் வேண்டும். 2007 மார்ச்சில் அங்கே ட்ரைக்கோடெஸ்மியம் என்ற பாசி திடீரென்று பூத்தபோது, முன்னும் பின்னும் அளந்து வைத்த எண்கள் இருந்ததால் அதைச் சரியாக எழுத முடிந்தது. தேவை என்று ஒருவர் நினைத்த இடத்தில் கடல் அளக்கப்படுகிறது. மீனவர்களின் தேவையும் ஒரு தேவை என்று எப்போது நினைப்போம்?

மற்ற இடங்களில் அளவை திட்டங்களாக வருகிறது. திட்டம் என்றால் மூன்று வருடம், நீட்டித்தால் ஐந்து. நான் வேலை பார்த்த திட்டமும் அப்படி முடிந்ததுதான். கடைசிப் பயணத்துக்குப் பிறகு குளிர்பெட்டியை வேறொரு குழு எடுத்துக்கொண்டது. அயோடின் போட்ட பாட்டில்கள் அட்டைப் பெட்டிகளில் கொஞ்ச நாள் இருந்தன. அடுத்த திட்டத்துக்கு எழுதியபோது, ‘இதே கோட்டில் இதே அளவுகளையா மறுபடியும்? இதில் புதுமை எங்கே?’ என்று குறிப்பு வந்தது. புதுமை இல்லைதான். பழைய இடத்துக்கே மறுபடி மறுபடி போவதுதான் அந்த வேலை. புதுமை வேண்டும் என்றவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்கள் ஆராய்ச்சியை மதிப்பிட உட்கார்ந்தவர்கள். மழைமானியை ஆராய்ச்சிக் குழுவின் முன் வைத்தால் அதையும் நிராகரித்திருப்பார்கள்.

எங்கள் மலையிலேயே இதற்கு எதிர்மாறான ஓர் உதாரணம் இருக்கிறது. காவலூரில் 1960-களின் இறுதியிலிருந்து தொலைநோக்கிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை வெளிக்கொண்டுவந்த பதிவுகளில் ஒன்று அங்கே எடுத்தது. அன்றிரவு அங்கே ஆளும் கருவியும் தயாராக இருந்தன, அவ்வளவுதான். பல கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வளையம் தெரிந்த மலையிலிருந்து, எங்கள் ஆறு போய்ச் சேரும் இடம் மங்கலாகத்தான் தெரிகிறது.

வெளியே பார்த்தால், கலிபோர்னியாவில் மத்தி மீன்வளம் சரிந்தபோது, ‘அதிகம் பிடித்ததாலா, கடல் மாறியதாலா’ என்று சண்டை வந்தது. தீர்க்க எண்கள் இல்லை. 1949-ல் ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கி, குறித்த கோடுகளில் குறித்த இடங்களுக்குக் கப்பலை அனுப்பத் தொடங்கினார்கள், இன்றும் அனுப்புகிறார்கள். பிரிட்டனில் ஆலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த கருவியை 1931 முதல் வணிகக் கப்பல்களின் பின்னால் கட்டி இழுத்துப் போகிறார்கள். உள்ளே பட்டுத் துணிச் சுருள். தண்ணீர் புகப் புக, மிதவை உயிர்கள் அதில் படியும். 1980-களின் கடைசியில் அதையும் மூடப் பார்த்தார்கள், 1990-ல் தனி அறக்கட்டளை அமைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிற்பாடு கடல் சூடாகிறது, மிதவை உயிர்கள் வடக்கே நகர்கின்றன என்ற பேச்சு வந்தபோது உலகமே அந்தத் துணிச்சுருள்களைத் தேடிப் போனது.

நமக்கும் இதேபோல ஒரு மத்திக் கேள்வி உண்டு. ஒரு காலத்தில் கேரள, கர்நாடகக் கரை மீனாகவே இருந்த மத்தி, 1980-களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டுக் கரையிலும் பெருவாரியாகக் கிடைக்கத் தொடங்கியது. ஏன் என்று பல விளக்கங்கள். பிடித்த மீனின் கணக்கு இருக்கிறது. அது தின்ற பாசியின் கணக்கு அதே நீளத்துக்கு இருந்தால் விளக்கங்களில் பாதியைத் தள்ளிவிடலாம். சென்னைக் கரையின் டயாட்டங்களை வகை பிரித்து ஆர். சுப்ரமண்யன் 1946-லேயே ஒரு பெரிய ஆவணம் எழுதினார். தொடக்கம் நமக்கு இருந்தது, தொடர்ச்சிதான் விட்டுப்போனது. 2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கரையில் அலைகள் நீலமாக மின்னியபோது சென்னையே இறங்கிப் போய்ப் படம் பிடித்தது. அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் மீன்கள் செத்து ஒதுங்கின. நாட்டிலூக்கா என்று விஞ்ஞானிகளும் பூங்கோரை என்று அங்குள்ள மீனவர்களும் சொல்லும் உயிர் பெருகியிருந்தது. அப்போதெல்லாம் நம் அளவை ஓட்டமாக ஓடி வருகிறது. நோய் வந்த பிறகு வருகிற வைத்தியர் சாதாரண நாளில் நாடி எப்படி இருந்தது என்று கேட்டால், சொல்ல ஆளில்லை.

ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-ல் ஒன்றிய அரசு 4,077 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மனிதரை அனுப்பும் மத்ஸ்யா நீர்மூழ்கியைச் சென்னையிலேயே உருவாக்குகிறார்கள். போகட்டும், எனக்கும் பெருமைதான். நான் கேட்பது இருபது மீட்டர் ஆழத்துக்கு.

பாலாறு, தென்பெண்ணை, காவிரி, தாமிரபரணி என நான்கு முகத்துவாரங்களுக்கு எதிரே நான்கு கோடுகள். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு இடங்கள். மாதம் ஒரு முறை. பெரிய கப்பல் வேண்டாம், மீனவர்களின் விசைப்படகை நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் அந்தப் படகுகள் சும்மாதான் கட்டிக்கிடக்கின்றன, சிறப்பு அனுமதியோடு அளவைக்கு ஓட்டினால் படகுக்காரருக்கும் கூலி. கையில் இறக்கும் சிறிய சி.டி.டி., இரண்டு நிஸ்கின் பாட்டில், வடிகட்டும் சாமான், ஒரு வலை. தண்ணீரைச் சோதிக்கப் பரங்கிப்பேட்டையும் நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. உப்பும் வெப்பமும் அன்றே தெரியும், பச்சையம் மறுநாள். அந்த எண்களை மழைப் பட்டியல் போலப் பொதுவில் போட வேண்டும். ஆய்வுக் கட்டுரை வெளியாகும்வரை அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது.

கார்த்திகைக் கடலில் யார் போவார் என்பார்கள். இரண்டு தாழ்வு நிலைகளுக்கு நடுவே மூன்று நாலு நாள் கடல் அடங்கும். அந்த நாட்களில் குப்பத்துப் படகுகள் போகத்தான் செய்கின்றன, எந்த நாள் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பெரிய கப்பலுக்குப் பல மாதம் முன்பே தேதி வாங்க வேண்டும், கிடைத்த தேதியில் புயல் வந்தால் போச்சு. சின்னப் படகுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆட்களைப் பற்றி மட்டும் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. இதை ஒப்பந்தத்தில் போடக் கூடாது. வடிகட்டுவதற்கும் எண்ணுவதற்கும் முனைவர் பட்டம் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்த மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தால் போதும். அந்தப் பிள்ளை இருபது வருடம் அதே இடத்துக்குப் போய்வர வேண்டும். ஸ்கெலட்டோனீமா சங்கிலி வழக்கத்தைவிடக் குட்டையாக இருக்கிறதே என்று சந்தேகப்படுகிற கண் அப்படித்தான் வரும்.

செலவு ஒரு தடுப்பணையின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. அடுத்த முறை சட்டமன்றத்தில் மீன்வளத் துறை மானியக் கோரிக்கை வரும்போது, இதற்கென்று ஒரு வரி இருக்கிறதா என்று யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து கேட்கட்டும். கடற்கரைத் தொகுதிக்காரர்தான் கேட்க வேண்டும் என்றில்லை. எங்கள் மலைத் தொகுதி உறுப்பினர் கேட்டாலும் தப்பில்லை, ஆறு இங்கேதான் புறப்படுகிறது.